சாவி கேட்ட நோட்டீஸ்: டெல்டாவில் ஒரு வீட்டு வசதி சங்க வழக்கு

2016 தை மாதம், கும்பகோணத்தை ஒட்டிய பேரூர் ஒன்றில் குடியிருக்கும் சங்க உறுப்பினர் ஒருவருக்குப் பதிவுத் தபால் வந்தது. உறைக்குள் இரண்டு தாள்கள். முதல் தாளில், கூட்டுறவு வீட்டு வசதி சங்கத்துக்குத் தரவேண்டிய கடன் பாக்கிக்காகப் பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்து சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், தவறினால் போலீஸ் துணையோடு அப்புறப்படுத்துவோம் என்று சங்கச் செயலாளர் எழுதியிருந்தார். இரண்டாவது தாள், ஏற்கெனவே வாங்கிய தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டுச் சங்கம் போட்ட நிறைவேற்று மனுவின்பேரில் வெளியான ஏல அறிவிப்பின் நகல். அதில் ஒரு வழக்கு எண், ஒரு தேதி, ஒரு தொகை. வீட்டில் எல்லோரும் முதல் தாளைப் படித்துவிட்டு அழுதார்கள். இரண்டாவது தாளை யாரும் படிக்கவில்லை.

அடுத்த மூன்று ஆண்டுகளில் நடந்ததெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான். குரைத்தது முதல் தாள், கடிக்கக்கூடியது இரண்டாவது. நான் இந்தக் கோப்பைப் பார்த்தது பின்னால், மேல்முறையீட்டுக் கட்டத்தில். உறுப்பினர் யார் என்று தெரியாதிருக்க ஊர், தொழில், தேதி, தொகை எல்லாவற்றையும் மாற்றியே எழுதுகிறேன். மாற்றிய கணக்கும் தனக்குள் சரியாக நிற்கும், கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கடன்

உறுப்பினர் ஓர் அரவை மில்லில் பாய்லர் பார்த்தவர். 1997 இறுதியில் சொந்த மனையில் வீடு கட்டச் சங்கத்தில் 1,50,000 ரூபாய் கடன் வாங்கினார். வட்டி 14 சதவீதம், காலம் 15 ஆண்டு, மாதத் தவணை 1,998 ரூபாய். மனையையும் அதில் எழும்பப்போகும் வீட்டையும் சேர்த்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சாதா அடமானம் எழுதிக் கொடுத்தார். மூலப்பத்திரம் சங்கத்தின் கைக்குப் போனது.

தமிழ்நாட்டு வீட்டு வசதி சங்கங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பம்பாயில் கட்டடம் சங்கத்தின் பெயரில் இருக்கும். உறுப்பினரிடம் இருப்பது பங்கும் குடியிருக்கும் உரிமையும் மட்டும், அதனால் உறுப்பினர் பதவி போனால் ஃபிளாட்டும் ஆட்டம் காணும். நம் பக்கம் வீடு உறுப்பினருடையது, சங்கம் கடன் கொடுத்த இடம், அவ்வளவே. யூடியூபில் பம்பாய் வக்கீல் சொல்வதைக் கேட்டுவிட்டு, ‘சங்கம் என்னை நீக்கிவிட்டால் வீடு போய்விடுமா?’ என்று கேட்டு வருகிறவர்கள் கும்பகோணத்திலும் இருக்கிறார்கள். போகாது. போகும் வழி வேறு.

முதல் ஐந்து ஆண்டு ஒரு தவணை தவறவில்லை. 60 தவணையில் 1,19,880 ரூபாய் கட்டி முடித்தார். 2002 டிசம்பரில் அசல் எவ்வளவு நின்றது என்று கணக்குப் போட்டால் 1,28,681. கிட்டத்தட்ட ஒன்றேகால் லட்சம் கட்டியும் அசலில் குறைந்தது 21,319 ரூபாய்தான். இதில் மோசடி எதுவுமில்லை. நீண்ட காலத் தவணைக் கடனில் ஆரம்ப ஆண்டுகளின் பணம் வட்டிக்கே போய்ச் சேரும். ஆனால் கடன் கொடுத்த அன்று யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘பாதிக்கு மேல கட்டிட்டோம்’ என்ற எண்ணத்தில்தான் அந்தக் குடும்பம் 2003-க்குள் நுழைந்தது.

2002, 2003 இரண்டு ஆண்டும் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை. குறுவை போனது. நெல் இல்லாமல் அரவை ஏது, பாய்லர் ஏது? சம்பளம் பாதி மாதத்துக்குத்தான் வந்தது. மாதம் பிறந்தால் 1,998 என்பது சர்க்கார் சம்பளக்காரருக்குப் போட்ட கணக்கு. டெல்டாவில் விவசாயத்தைச் சார்ந்து பிழைப்பவர் கையில் காசு புழங்குவது அறுவடையை ஒட்டித்தான். சங்கத்தின் தவணைப் பட்டியலில் தையும் ஐப்பசியும் ஒன்றுதான்.

2006 முதல் 2008 வரை நிலைமை கொஞ்சம் தேறியது. கையில் கிடைத்தபோதெல்லாம் நாலாயிரம் நாலாயிரமாகச் சங்கத்தில் கட்டினார். மொத்தம் 18 ரசீது, 72,000 ரூபாய். சங்கப் பேரேட்டில் வரவானது 7 ரசீது, 28,000. மிச்சம் 44,000 எழுத்தரோடு போனது. அவர்மீது கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 81-வது பிரிவில் விசாரணை நடந்து, 87-வது பிரிவில் தண்டத் தீர்வையும் விதிக்கப்பட்டது. சங்கம் தன் நஷ்டத்தை எழுத்தரிடம் வசூலிக்க ஆணை வாங்கிக்கொண்டது. ஆனால் அந்த நஷ்டம் யார் யார் கட்டிய பணம் என்று பார்த்து, அவரவர் கணக்கில் வரவு வைக்கும் வேலையை யாரும் செய்யவில்லை.

அவார்டு

2011-ல் சங்கம் 90-வது பிரிவில் தாவா போட்டது. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-ல் இயற்றப்பட்டு 1988-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 90-வது பிரிவுப்படி, சங்கத்தின் அலுவல் தொடர்பாகச் சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் எழும் தகராறு பதிவாளர் முன்புதான் போக வேண்டும். பதிவாளர் என்றால் நடைமுறையில் துணைப் பதிவாளரோ அவர் அனுப்பி வைக்கும் அலுவலரோ. கடன் பாக்கியை உறுப்பினர் ஒப்புக்கொண்டாலும் அந்தப் பிரிவின் கண்ணில் அதுவும் தகராறுதான்.

உறுப்பினர் ஆஜராகவில்லை. ஒருதலைப்பட்சமாக 2,68,900 ரூபாய்க்கு அவார்டு, அதாவது 90-வது பிரிவுத் தாவாவின் தீர்ப்பு, ஆனது. ஏன் ஆஜராகவில்லை என்பதுதான் இந்தக் கோப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். நோட்டீஸ் போனது கடன் மனுவில் எழுதியிருந்த முகவரிக்கு. கடன் மனு வீடு கட்டுவதற்கு முன்னால் எழுதியது, ஆகவே அதில் இருந்தது அப்போதைய வாடகை வீட்டு முகவரி. பல ஆண்டுக்கு முன் காலி செய்த அந்த வீட்டின் கதவில் நோட்டீஸை ஒட்டி, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கிச் ‘சார்வு செய்யப்பட்டது’, அதாவது நோட்டீஸ் சேர்ப்பித்தாயிற்று, என்று எழுதிவிட்டார்கள். சங்கத்தின் பணத்தில், சங்கத்துக்கே அடமானமாக, சங்க அலுவலகத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு வீடு நிற்கிறது. அங்கே ஒரு நோட்டீஸ் போகவில்லை.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டும் மேட்டூர் ஜூன் 12-ல் திறக்காத காலம். அவார்டு இருப்பதே தெரியாமல் அந்தக் குடும்பம் அதையும் கடந்துகொண்டிருந்தது. அசல் 1,28,681-க்கு ஆண்டுக்கு 18,015 ரூபாய் வட்டி சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே இருந்தது. 2016-ல் உறை வந்தபோது பாக்கி அபராத வட்டியோடு நாலு லட்சத்தை நெருங்கியிருந்தது.

தவறான வாசல்

உறைக்குள் இருந்த இரண்டு தாளையும் சட்டப்படி எடை போட்டுப் பார்ப்போம்.

முதல் தாளுக்கு எடையே இல்லை. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 58-வது பிரிவின் (ஆ) உட்பிரிவு சாதா அடமானம் எது என்று சொல்கிறது: அனுபவத்தை ஒப்படைக்காமல், கடனைக் கட்டத் தவறினால் சொத்தை விற்று எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமையை மட்டும் தருவது. அப்படியானால் சாவி கேட்கும் உரிமை சங்கத்துக்கு எங்கிருந்து வந்தது? விற்கலாம், அதுவும் முறைப்படி அவார்டு வாங்கி, நிறைவேற்று மனு போட்டு, ஏலம் அறிவித்து. ஏலம் எடுத்தவர் பிறகு சுவாதீனம் கேட்கலாம். இடையில் செயலாளர் ஒருவர் லெட்டர்ஹெட்டில் எழுதி வீட்டைக் காலி செய்ய வைக்க முடியாது. வங்கிக்காரர்கள் பூட்டுப் போடுவதைப் பார்த்துச் சங்கமும் அப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறார்கள். அது வங்கிகள் கோர்ட் தீர்ப்பு வாங்காமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம். 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் கூட்டுறவு வங்கிகளுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. வீட்டுக்கடன் சங்கம் வங்கியல்ல.

இரண்டாவது தாளுக்குப் பின்னால் ஓர் அவார்டு இருந்தது. அந்த அவார்டு ரத்தாகும்வரை ஏலம் நிற்காது.

உறுப்பினரின் மகன் உள்ளூர் வக்கீலிடம் போனார். வக்கீல் மாவட்ட முன்சீப் கோர்ட்டில் நிரந்தர உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்டு அசல் வழக்குப் போட்டார். கூடவே இடைக்கால மனு. ‘சட்டப்படியான நடைமுறையின்றி வாதியை வெளியேற்றக் கூடாது’ என்று இடைக்காலத் தடையும் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் வழக்கு ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார்கள். தடை ஆணையில் உள்ள ‘சட்டப்படியான நடைமுறையின்றி’ என்பதை நிறுத்திப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்: நிறைவேற்று மனுவே சட்டப்படியான நடைமுறைதான். தடை தடுத்தது எடையில்லாத முதல் தாளை. ஏலம் தன் போக்கில் நடந்துகொண்டிருந்தது.

ஏலம் இரண்டு முறை நடந்தது, கேட்க ஆளில்லை. ஒரு குடும்பம் குடியிருக்கிற வீட்டைச் சங்க ஏலத்தில் எடுப்பவரைத் தெருவில் யாரும் மரியாதையாகப் பார்க்க மாட்டார்கள். மூலப்பத்திரம் எப்போது கைக்கு வரும் என்பதும் எடுப்பவருக்குத் தெரியாது. அந்த வீடு அப்போது பிழைத்தது நீதிமன்றத் தடையால் அல்ல, ஏலம் கேட்க ஆள் வராததால்.

2018-ல் சங்கம் முன்சீப் கோர்ட்டில் 156-வது பிரிவை எடுத்து வைத்தது. கூட்டுறவுச் சட்டத்தின்படி முடிவெடுக்க வேண்டிய விஷயங்களில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது அந்தப் பிரிவு. வாதித் தரப்பு பதிலாகக் காட்டியது டெக்கான் மெர்ச்சன்ட்ஸ் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை. அங்கே வங்கிக்குச் சொந்தமான கட்டடத்தின் வாடகைத் தகராறு வங்கியின் அலுவலைத் தொட்டதல்ல என்று தீர்ப்பு. ஆனால் அந்த வங்கியின் அலுவல் வங்கித் தொழில், வாடகை அதற்குப் புறம்பானது. வீடு கட்டக் கடன் கொடுத்து வசூலிப்பதையே தொழிலாகக் கொண்ட சங்கத்துக்கு வசூல்தான் அலுவல். 1982-ல் பம்பாய் ஃபிளாட் ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், வீட்டு வசதி சங்கத்தின் ஃபிளாட்டில் லைசென்ஸில், அதாவது வெறும் அனுமதியின்பேரில், குடியிருப்பவரை வெளியேற்றக் கோருவதும் சங்கத்தின் அலுவலைத் தொட்ட தகராறே என்றது. முன்சீப் வாதுரையை, அதாவது வழக்கு மனுவையே, நிராகரித்தார். என் பார்வையில் அந்த ஆணையில் பிழையில்லை. வழக்குப் போட்ட அன்றே தெரிந்திருக்க வேண்டிய முடிவு அது.

அந்த இரண்டு ஆண்டின் வட்டி 36,030 ரூபாய். கட்டியும் வரவாகாமல் போன பணம் 44,000. தவறான வாசலில் நின்ற செலவு, எதற்காக வந்தார்களோ அந்தத் தொகையைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டது. வக்கீல் ஃபீஸை நான் இதில் சேர்க்கவில்லை.

இடையில் மதுரைக்குப் போய் ரிட், அதாவது அரசு அமைப்புகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு, போடலாமா என்ற யோசனையும் இருந்தது. தஞ்சை மாவட்டம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டது. கும்பகோணத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மயிலாடுதுறைக்காரர் சென்னைக்குப் போக வேண்டும். ஒரே காவிரித் தண்ணீர் பாயும் ஊர்களுக்கு இரண்டு நீதிமன்றம். சங்கத்தை எதிர்த்து ரிட் என்றால் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பு குறுக்கே நிற்கும்: கூட்டுறவுச் சங்கம் பொதுவாக ‘அரசு’ அல்ல, அதன்மேல் ரிட் எளிதில் நிற்காது. நல்லவேளை, போடவில்லை.

ட்ரங்குப் பெட்டி

வாதுரை நிராகரிப்புக்குப் பிறகுதான் யாரோ ஒருவர் கேட்டார்: ‘அவார்டு காப்பி எங்க?’ இருக்கவில்லை. நகல் மனுப் போட்டு வாங்கிப் பார்த்தபோது முதல்முறையாகச் சார்வு அறிக்கையும் கண்ணில் பட்டது. அதில் பழைய வாடகை வீட்டின் கதவிலக்கம்.

152-வது பிரிவில் கூட்டுறவுத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு, கூடவே தாமதத்தை மன்னிக்க மனு. மாவட்ட நீதிமன்றமே தீர்ப்பாயமாக அமர்கிறது. தாமத மனுவுக்குச் சங்கம் கடுமையாக எதிர்ப்புச் சொன்னது. ஏழு ஆண்டு தாமதம், அதில் இரண்டு ஆண்டு அவார்டு இருப்பது தெரிந்த பிறகும். நியாயமான எதிர்ப்புதான். ஆனால் அந்த இரண்டு ஆண்டும் வேறொரு நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடு வழக்காடியதில் கழிந்தது என்ற வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்றது. சார்வு நடந்த கதவைப் பற்றிச் சங்கத்திடம் பதிலில்லை. செலவுத்தொகை விதித்துத் தாமதத்தை மன்னித்து, அவார்டை ரத்து செய்து, மறுவிசாரணைக்குத் துணைப் பதிவாளருக்கே திருப்பி அனுப்பியது.

மறுவிசாரணையில்தான் உறுப்பினரின் மனைவி ட்ரங்குப் பெட்டியோடு வந்தார். சங்கச் செயலாளரும் ஒன்றும் கொடூரமான ஆள் அல்ல, அந்த எழுத்தர் காலத்துக்குப் பிறகு வந்தவர்.

“அம்மா, பேரேட்டுல ஏழுதான் இருக்கு. இல்லாதத நான் எப்டி வரவு வைக்கிறது?”

“ஏழுதான் இருக்குன்னு நீங்க சொல்றீங்க, சார். பதினெட்டு இருக்குன்னு இந்தப் பொட்டி சொல்லுது. எண்ணிப் பாருங்க.”

பதினெட்டும் இருந்தன. கார்பன் மங்கி, ஓரமெல்லாம் பூச்சி அரித்து, சிலவற்றில் தொகை எழுத்தால் மட்டும் தெரிந்தது. முத்திரை இருந்தது. ஆனால் முத்திரையை யாரும் செய்துகொள்ளலாம் என்று சங்கத் தரப்பு சொன்னது, அதுவும் சரிதான். திருப்பம் வந்தது ரசீதின் தலையில் அச்சடித்த எண்ணில். ஒவ்வொரு ரசீதிலும் புத்தக எண்ணும் வரிசை எண்ணும் இருந்தன. சங்கத்தில் ரசீதுப் புத்தக இருப்புப் பதிவேடு என்று ஒன்று உண்டு: அச்சகத்திலிருந்து எத்தனை புத்தகம் வந்தது, எந்தத் தேதியில் யாரிடம் கொடுக்கப்பட்டது, எப்போது திரும்பியது. தணிக்கைக்காரர் தவிர யாரும் திறக்காத பதிவேடு. வரவாகாத பதினொரு ரசீதும் ஒரே புத்தகத்தைச் சேர்ந்தவை. அந்தப் புத்தகம் 2006-ல் எழுத்தரிடம் கொடுக்கப்பட்டதாகப் பதிவேட்டில் அவர் கையெழுத்தே இருந்தது. ‘திரும்பப் பெற்ற தேதி’ என்ற கட்டம் காலியாக இருந்தது.

அதன் பிறகு வாதம் இல்லை. சங்கத்தின் ரசீதுப் புத்தகத்தில், சங்க ஊழியர், சங்க அலுவலகத்தில் வாங்கிய பணம் சங்கம் வாங்கிய பணம்தான். ஊழியர் அதை என்ன செய்தார் என்பது சங்கத்துக்கும் அவருக்கும் உள்ள விவகாரம். தண்டத் தீர்வை ஆணை வாங்கியபோது சங்கம் தன் வாயாலேயே இதை ஒப்புக்கொண்டும் விட்டது.

2018 டிசம்பர் வரைக்கும் புதுக் கணக்குப் போட்டார்கள். அசல் 1,28,681. பதினாறு ஆண்டு வட்டி 2,88,245. கூட்டினால் 4,16,926. கழித்தது 72,000. மீதி 3,44,926. வாங்கிய பணத்தை வரவு வைக்காத சங்கம் அபராத வட்டி கேட்க முடியாது என்று துணைப் பதிவாளர் அதைத் தள்ளிவிட்டார். சங்கம் கேட்டது 4,40,000-க்கும் மேல். ஆகக் குறைந்தது சுமார் ஒரு லட்சம்.

44,000 வரவானதும் கடனே தீர்ந்துவிடும் என்று நம்பியிருந்த குடும்பத்துக்கு இந்த எண் பேரிடி. அவர்கள் கட்டிய 72,000 முழுவதும் வட்டியில் கரைந்தது, அசலைத் தொடவேயில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 59-வது பிரிவுப்படி எந்தக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்று கடனாளி சொல்லிக் கட்டலாம். சொல்லாவிட்டால் 60-வது பிரிவுப்படி அது கடன் கொடுத்தவர் இஷ்டம். கடன் பத்திரமே முதலில் வட்டிக்கு என்று சொல்லிவிட்டால் பேசவே இடமில்லை. அரசு அவ்வப்போது அறிவிக்கும் தள்ளுபடிகளிலும் பெரும்பாலும் குறைவது அபராத வட்டிதான். அதற்கும் காலக்கெடுவுக்குள் மிச்சத்தை மொத்தமாகக் கட்டியாக வேண்டும். மொத்தமாகக் கட்ட முடிந்தவர் பாக்கியே வைத்திருக்க மாட்டார் என்பதை அறிவிப்பு எழுதுபவர்களிடம் யார் சொல்வது?

சிங்கப்பூரில் வேலை பார்த்த இளைய மகன் இரண்டு லட்சம் அனுப்பினார். மிச்சத்துக்கு மருமகளின் நகை போனது, அதுவும் இன்னொரு கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனாக. 2019-ல் கடன் முடிந்தது. நிறைவேற்று மனு முழு வசூல் என்று பதிவாகி முடிக்கப்பட்டது.

பத்திரம்

இந்தப் பகுதியில் வெளியேற்றம் என்ற பேச்சுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. பண்ணையாட்களைக் குடியிருப்பிலிருந்து மிராசுதார் விரட்டாமலிருக்க 1961-ல் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1971-ல் குடியிருந்த மனையையே அவர்களுக்குச் சொந்தமாக்கிய சட்டம் வந்தது. அதனால் காலி செய் என்று தாள் வந்தால் இங்கே வயதானவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை, ஆள் பலத்தைத்தான் தேடுகிறார்கள். வீட்டு வசதி சங்கத்தின் விஷயத்தில் அந்த அனுபவம் உதவாது. சங்கத்துக்கு அந்த வீடு வேண்டவே வேண்டாம். அதற்கு வேண்டியது பணம், ஏனென்றால் அந்தப் பணம் அதனுடையதே இல்லை.

எல்ஐசி போன்ற நிறுவனங்களிடம், தொடக்கச் சங்கங்களுக்கு மேலமைப்பான தமிழ்நாடு கூட்டுறவு வீட்டு வசதி இணையம் கடன் வாங்கியது. 1959-ல் தொடங்கிய இந்த இணையம் அதைத் தொடக்கச் சங்கங்களுக்குக் கொடுத்தது, சங்கம் உறுப்பினருக்குக் கொடுத்தது. உறுப்பினர் சங்கத்திடம் கட்டினால் சங்கம் இணையத்துக்குக் கட்ட வேண்டும். கட்டாத சங்கங்கள், எழுத்தர் எடுத்துப்போன சங்கங்கள், வசூலைச் சம்பளத்துக்குச் செலவழித்த சங்கங்கள் உண்டு. அப்படிப்பட்ட சங்கத்தில் முழுக் கடனையும் கட்டி முடித்த உறுப்பினரும் மூலப்பத்திரத்துக்காகக் காத்திருக்கிறார், சங்கம் இணையத்துக்குப் பாக்கி என்பதால். இது தமிழ்நாடு முழுக்கக் கேட்கும் குறை, இந்த ஒரு ஊரின் கதையல்ல.

நம் உறுப்பினருக்கும் அதுவே நடந்தது. கடன் தீர்ந்ததற்குச் சான்று கொடுத்தார்கள், பத்திரம் கொடுக்கவில்லை. வில்லங்கச் சான்று போட்டால் 1997 அடமானம் இன்னும் நிற்கிறது, ரத்து ஆவணம் எழுதிப் பதியவில்லை. வீட்டை மகன் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுத நினைத்து, அது ஓடவில்லை.

இம்முறை அவர்கள் முன்சீப் கோர்ட்டுக்குப் போகவில்லை. 90-வது பிரிவில் தாங்களே தாவா போட்டார்கள், சங்கத்தை முதல் எதிர்மனுதாரராகவும் இணையத்தை இரண்டாவதாகவும் சேர்த்து. அந்தப் பிரிவு சங்கத்துக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல, உறுப்பினரும் அதில் தாவா போடலாம். கேட்ட பரிகாரம் மூன்று: அடமான ரத்து ஆவணம் எழுதிப் பதிந்து கொடுக்க வேண்டும், மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தராத காலத்துக்கு நஷ்டஈடு தர வேண்டும். மனுவில் முகவரி எழுதும்போது உறுப்பினரின் மனைவி தானே பேனாவை வாங்கி, கதவிலக்கத்தைப் பெரிதாக எழுதினாராம். முதல் இரண்டு பரிகாரமும் கிடைக்கும் என்றே நினைக்கிறேன். நஷ்டஈடு கிடைப்பது சந்தேகம்.